மாஸ்கோ வணிகர் கண்ட ஓவியக் கருவூலம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



விழாவில் உரையாற்ற வேண்டும் என்று அமைப்பாளர்கள் அழைத்தபோது, சங்க இலக்கியப் புரவலர்களைப் பற்றி நான் பேசுவேன் என்று எண்ணியிருப்பார்கள். நான் சொன்ன தலைப்பைக் கேட்டுச் சற்றே வியந்தார்கள். தமிழ் விரிவுரையாளர் ஒருவருக்கும் மாஸ்கோ நகரத்துத் துணி வணிகருக்கும் என்ன தொடர்பு என்று நீங்களும் கேட்கலாம். தொடர்பு ஒரு முகத்தின் வழியாக வந்தது.

என் இளமையில் எங்கள் வீட்டு அலமாரியில், மாஸ்கோவில் அச்சாகித் தமிழில் வெளிவந்த நூல்கள் சில இருந்தன. ரஷ்ய எழுத்தாளர்களைத் தமிழ் வாசகர் பலர் அறிந்தது அத்தகைய நூல்களால்தான். தஸ்தயேவ்ஸ்கி என்று சொன்னவுடன் நம் மனக்கண்ணில் எழும் உருவத்தை எண்ணிப் பாருங்கள். மங்கிய நிறத்தில் தளர்ந்த மேலங்கி. முழங்காலைச் சுற்றி இறுகக் கோத்த விரல்கள். நம்மை நோக்காமல் தமக்குள்ளேயே எதையோ நோக்கிக்கொண்டிருக்கும் கண்கள். அது 1872ஆம் ஆண்டு வசீலி பெரோவ் என்னும் ஓவியர் தீட்டியது. டால்ஸ்டாய் என்றால் நினைவுக்கு வரும் முகங்களுள் ஒன்று, நீல அங்கியணிந்து நேராக நம்மை ஊடுருவிப் பார்க்கும் நடுவயது முகம். அது 1873இல் இவான் கிராம்ஸ்காய் தீட்டியது. இவ்விரண்டு ஓவியங்களையும் கேட்டுப் பெற்றவர் ஒருவரே. அவர் பெயர் பாவெல் திரெத்யாகோவ், லினன் எனப்படும் ஆளிநார்த் துணி நெய்யும் ஆலை வைத்திருந்தவர், மாஸ்கோ வணிகர்.

தம் காலத்து எழுத்தாளரின் முகங்கள் மறைந்துவிடக் கூடாது என்று முதலில் கவலைப்பட்டவர் கணக்கேட்டோடு வாழ்ந்த ஒரு வணிகர் என்பதை அறிந்த நாளிலிருந்து அவரையும் அவரைப் போன்றவர்களையும் தேடிப் படித்து வருகிறேன். அத்தேடலில் எழுந்த மூன்று வினாக்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பொருள் ஈட்டியவர் ஏன் ஓவியம் ஈட்டினார்? ஈட்டியதை ஏன் கொடுத்தார்? கொடுத்ததனால் கணக்குத் தீர்ந்ததா?

இவ்வணிகர் யாவர்?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் அரசும் அதிகாரமும் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தன; வணிகம் மாஸ்கோவில் இருந்தது. பெருமை பிரபுக்களுக்கு உரியதாய் இருந்தது. வணிகர், செல்வம் எவ்வளவு சேர்த்தாலும் ஒருபடி தாழ்ந்தவராகவே எண்ணப்பட்டனர். அவர்களுட் பலர் உழவர் குடியிலிருந்து வந்தவர்கள். மொரோசோவ் குலத்தின் முதல்வரான சாவா வசீலியெவிச் மொரோசோவ் பண்ணையடிமையாகப் பிறந்தவர். பட்டு நாடா நெய்து விற்றுச் சேர்த்த பொருளைப் பெருந்தொகையாகத் தம் ஆண்டையிடம் கொடுத்து, 1820ஆம் ஆண்டளவில் தம்மையும் தம் குடும்பத்தையும் விடுவித்துக்கொண்டவர். அவருடைய கொள்ளுப்பேரர் செசானின் ஓவியங்களைத் தேடிப் பாரிசுக்குப் போனார். இடையில் இருந்தவை மூன்றே தலைமுறைகள்.

இன்னொரு செய்தியும் உண்டு. மொரோசோவ், ஷூக்கின், ரியபுஷின்ஸ்கி, சல்தாத்தென்கோவ் முதலிய குடும்பங்களின் வேர் ‘பழைய நம்பிக்கையாளர்’ என்ற சமயப் பிரிவில் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபையின் வழிபாட்டு முறைகள் திருத்தப்பட்டபோது, அத்திருத்தங்களை ஏற்க மறுத்து ஒடுக்கப்பட்டவர்கள் இவர்கள். அரசுப் பதவிகளின் பக்கம் போக முடியாதவர்களுக்கு வணிகமே வழியாயிற்று. மது விலக்கு, சிக்கனம், சொன்ன சொல் தவறாமை, தம்மவருக்குள் கடனுதவி ஆகியவை அவர்கள் வணிகத்தை வளர்த்தன. அவர்கள் வீடுகளில், திருத்தத்துக்கு முற்பட்ட பழந்திருவுருவ ஓவியங்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பட்டன. உலகம் கைவிட்ட ஒன்றை உள்ளறையில் வைத்துக் காக்கும் பழக்கம் அவர்களுக்குப் புதிதன்று. இதனை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தவை எளிதில் விளங்கும்.

வணிகரைப் பற்றி இலக்கியம் அன்று என்ன சொல்லிற்று? மாஸ்கோ ஆற்றின் தென்கரையில் வணிகர் குடியிருப்பில் வளர்ந்த நாடகாசிரியர் ஆஸ்த்ரோவ்ஸ்கி, அவர்களுடைய பேராசையையும் வீட்டுக் கொடுங்கோன்மையையும் மேடையில் தோலுரித்துக் காட்டினார். அவர் காட்டிய அவ்வுலகை ‘இருள் அரசு’ என்று திறனாய்வாளர் தப்ரலூபவ் 1859இல் பெயரிட்டு எழுதினார். அதே தென்கரையில் பிறந்தவர்தாம் திரெத்யாகோவ். தம் இனத்தாரை எள்ளி நகையாடிய ஆஸ்த்ரோவ்ஸ்கியின் உருவத்தை 1871இல் பெரோவைக் கொண்டு தீட்டச் செய்து, தம் இல்லத்துச் சுவரில் மாட்டினார். தம்மைச் சுட்ட எழுத்தையும் தம் நாட்டின் செல்வமாக எண்ணிய அம்மனம் நாம் நின்று நோக்கத்தக்கது.

கடன் தீர்க்க நினைத்தவர்

பாவெல் மிகாய்லோவிச் திரெத்யாகோவ் 1832இல் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, தம்பி செர்கேயுடன் குடும்ப வணிகத்தை ஏற்றார். 1856இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், ரஷ்ய ஓவியர்களின் படைப்புகளை வாங்கத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்பாக, ஓர் உயில் எழுதினார். ஒருவேளை தாம் திரும்பாமற் போனால், ஒன்றரை இலட்சம் ரூபிள் தொகையைக் கொண்டு மாஸ்கோவில் எல்லாரும் காணத்தக்க ஓர் ஓவியக்கூடம் அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது அவருக்கு மணமாகவில்லை, வயது இருபத்தேழு. கொடுப்பதற்காகவே வாங்கியவர் அவர் என்பதற்கு இவ்வுயிலே சான்று.

அவர் வாங்கிய முறையும் வணிகரின் முறையே. கண்காட்சி திறப்பதற்கு முன்பே ஓவியரின் பணிக்கூடத்துக்குப் போவார், பேசாமல் நெடுநேரம் பார்ப்பார், விலை பேசுவார், குறைத்தும் கேட்பார். ஏமாறத் தெரியாதவர். ஆனால் எதை வாங்கினார் என்று பாருங்கள். பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தின் புராணக் கருப்பொருள்களை உதறிவிட்டு, உழவரையும் கைதிகளையும் சேற்றுப் பாதைகளையும் தீட்டி, தம் படைப்புகளை ஊர்ஊராகக் கொண்டு சென்று காட்டிய ‘பெரெத்விஷ்னிக்கி’ ஓவியர்களை வாங்கினார். வெரெஷ்சாகின் தீட்டிய துர்க்கிஸ்தான் போர் ஓவியத் தொகுதியை 1874இல் 92,000 ரூபிளுக்கு வாங்கினார். மண்டையோடுகள் மலையாகக் குவிந்து கிடக்கும் ‘போரின் பெருவெற்றி’ அத்தொகுதியில் உள்ளதே. வெரெஷ்சாகின் அதே 1874இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் தீட்டிய தாஜ்மகால் ஓவியமும் இன்று திரெத்யாகோவ் கூடத்தில் உள்ளது.

இலக்கிய வட்டத்தார் ஆகிய நமக்கு நெருக்கமானது அவர் திரட்டிய உருவ ஓவியங்களே. டால்ஸ்டாயிடம் 1869 முதல் கேட்டுக்கொண்டிருந்தார், டால்ஸ்டாய் இசையவில்லை. 1873இல் கிராம்ஸ்காய் யாஸ்னயா பொல்யானாவுக்கு அருகில் தங்கி நேரில் சென்று பேசி இசைவு பெற்றார். இரண்டு ஓவியங்கள் தீட்டினார். ஒன்று வணிகருக்கு, மற்றொன்று டால்ஸ்டாயின் இல்லத்துக்கு. டால்ஸ்டாய் அப்போது ‘அன்னா கரேனினா’ எழுதிக்கொண்டிருந்தார்.

அதனினும் நெஞ்சைத் தொடுவது கவிஞர் நெக்ராசோவின் ஓவியம். 1877இல் அவர் கடும் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். திரெத்யாகோவின் வேண்டுகோளுக்கிணங்கக் கிராம்ஸ்காய் அவரைத் தீட்டச் சென்றார். நாள் ஒன்றுக்குச் சில நிமிடங்களுக்கு மேல் கவிஞரால் அமர முடியவில்லை. அந்நிமிடங்களைச் சேர்த்துச் சேர்த்து உருவாகிய ஓவியத்தில், தலையணைகளில் சாய்ந்த மெலிந்த மனிதர் கையில் எழுதுகோலோடு இருக்கிறார். தம் இறுதிப் பாடல்களை அவர் எழுதிய காலம் அது. ஆண்டு முடிவதற்குள், மேலைக் கணக்குப்படி 1878 சனவரியில், அவர் மறைந்தார். இசைவாணர் முசோர்க்ஸ்கியை மருத்துவமனையில், அவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, 1881 மார்ச்சில் ரேப்பின் தீட்டினார். அவ்வோவியமும் திரெத்யாகோவைச் சேர்ந்தது. சாவு முந்திக்கொள்ளும் முன் ஒரு முகத்தையேனும் மீட்டுவிட வேண்டும் என்ற விரைவு இம்மனிதரிடம் இருந்தது.

1892இல் தம்பி செர்கேய் மறைந்தார். அவர் மாஸ்கோ நகரத் தலைவராக இருந்தவர். மேலை ஐரோப்பிய ஓவியங்களைத் திரட்டியவர். அவ்வாண்டிலேயே பாவெல், தம் திரட்டையும் தம்பியின் திரட்டையும், லவ்ருஷின்ஸ்கி சந்தில் இருந்த தம் இல்லத்தோடு நகருக்கு அளித்தார். கட்டணமின்றி எல்லாரும் காணக் கூடம் என்றும் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. இக்கொடையைப் பாராட்ட 1894இல் ஓவியர்கள் மாஸ்கோவில் மாநாடு கூட்டியபோது, பாராட்டுக்குரியவர் ஊரில் இல்லை, முன்னதாகவே வெளியேறிவிட்டார்.

தம் மகளுக்கு 1893இல் எழுதிய மடல் ஒன்றில் அவர் தம் எண்ணத்தை விளக்கினார். சமூகத்திடமிருந்து ஈட்டியது பயனுள்ள நிறுவனங்களின் வடிவில் சமூகத்துக்கே திரும்ப வேண்டும், அதற்காகவே பொருள் ஈட்ட வேண்டும் என்பது இளமை முதல் தம் நினைவு என்பதே அம்மடலின் கருத்து. இங்கே ‘கொடை’ என்ற சொல்லைவிடக் ‘கடன்’ என்ற சொல்லே பொருந்தும். புரவலன் தன்னுடையதைக் கொடுப்பவன். கடன் தீர்ப்பவனோ பிறருடையதைத் திருப்புபவன். இவ்வேறுபாடு பற்றியே என் உரை சுழல்கிறது.

கவிதைக்கு உதவிய கைகள்

ஓவியத்தோடு இவர்கள் நின்றுவிடவில்லை. நெக்ராசோவின் புகழை நிலைநாட்டிய கவிதைத் தொகுதி 1856இல் வெளிவந்தது. அதை வெளியிட்ட இருவருள் ஒருவர், பழைய நம்பிக்கையாளர் குடும்பத்தில் பிறந்த வணிகர் சல்தாத்தென்கோவ், ஓவியத் திரட்டாளர், இலாபம் கருதாது நூல் வெளியிட்டவர். உழவரின் துயரைப் பாடிய கவிஞரின் பெருந்தொகுதிக்கு ஒரு வணிகர் துணைநின்றார். அவருடைய இறுதி உருவத்துக்கு மற்றொரு வணிகர் துணைநின்றார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யக் கவிதையில் குறியீட்டியம் எழுந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. பிரியூசவ், பால்மோந்த் முதலியோரின் நூல்களை வெளியிட்ட ‘ஸ்கார்ப்பியோன்’ பதிப்பகத்தையும் ‘வெசி’ என்னும் திங்களிதழையும் தாங்கியவர் நெசவாலைக் குடும்பத்து இளைஞர் செர்கேய் பொல்யாக்கோவ். ‘தங்க ஆட்டுத்தோல்’ என்னும் பொருள்பட்ட பெயரோடு வெளிவந்த ஏட்டை 1906 முதல் நடத்தியவர் நிக்கலாய் ரியபுஷின்ஸ்கி. அலெக்சாந்தர் பிளோக் அதில் திறனாய்வு எழுதினார்; அவ்வேட்டின் சார்பில் 1908இல் பிரெஞ்சு, ரஷ்ய ஓவியங்களின் கூட்டுக் கண்காட்சியும் நடந்தது. சிற்றேடு நடத்திக் கைப்பொருள் இழந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். பொல்யாக்கோவின் அருமையை அவர்கள் நன்கு அறிவார்கள்.

1885: ஒரே ஆண்டு

இவ்விடத்தில் உங்களுள் ஒருவர் எழுந்து, “அம்மையீர், இவ்வளவு பணமும் எங்கிருந்து வந்தது?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய வினா அது. அதனை மறைத்துவிட்டு இவ்வணிகரைப் புகழ்வது நேர்மை ஆகாது.

1885ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு சனவரியில் சாவா மாமந்தோவ் என்னும் இருப்புப்பாதைத் தொழிலதிபர் மாஸ்கோவில் தம் தனியார் இசைநாடக அரங்கைத் தொடங்கினார். அப்ராம்ட்செவோ என்னும் தம் சிற்றூர் மாளிகையில் ரேப்பின், வஸ்னெத்சோவ், செரோவ் முதலிய ஓவியர்களுக்கு இடமும் உணவும் தந்து போற்றியவர் அவர். பன்னிரண்டு வயதையும் எட்டாத அவர் மகளைச் செரோவ் தீட்டிய ‘பீச் பழங்களுடன் சிறுமி’ 1887இல் அவ்வீட்டு உணவுமேசையில் பிறந்த ஓவியமே. அதே 1885இல் வர்வாரா மொரோசோவா என்னும் அம்மையார், மறைந்த துர்கனேவின் பெயரால், மாஸ்கோவில் கட்டணமில்லாப் பொதுப் படிப்பகம் ஒன்றை நிறுவினார். அதே ஆண்டில், மகனைத் தாக்கிக் கொன்ற கொடுங்கோலன் இவானை ரேப்பின் தீட்டினார். பேரரசர் அதனைக் காட்டக் கூடாதெனத் தடை விதித்தார். திரெத்யாகோவோ அதை விலைகொடுத்து வாங்கித் தடை நீங்கும்வரை காத்தார்.

அதே 1885ஆம் ஆண்டு சனவரியில், மொரோசோவ் குலத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்த திமஃபேய் மொரோசோவின் நிக்கோல்ஸ்கோயே நெசவாலையில் ஏறத்தாழ எட்டாயிரம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முந்திய சில ஆண்டுகளில் கூலி பலமுறை குறைக்கப்பட்டிருந்தது. அபராதம் என்ற பெயரால் கூலியில் கால் பங்குக்கும் மேல் பிடிக்கப்பட்டது. தறியில் நூல் அறுந்தால் அபராதம், பாடினால் அபராதம் என்ற நிலை. படைவீரர் வந்தனர், நூற்றுக்கணக்கானோர் ஊரைவிட்டு அகற்றப்பட்டனர். வழக்கு மன்றத்தில் தொழிலாளர் விடுவிக்கப்பட்டபோது ஆலையின் கொடுமைகள் நாடறிய வெளிப்பட்டன. 1886இல் அபராதங்களை வரையறுக்கும் சட்டம் வந்தது.

அரங்கு, படிப்பகம், ஓவியம், அபராதம் ஆகிய நான்கும் ஓர் ஆண்டில், ஒரே வணிக உலகில் நிகழ்ந்தவை. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட முடியாது. ஓவியத்தின் முன் நின்று மகிழும் நம் கண், தறியின் முன் நின்ற கையையும் காண வேண்டும். “சமூகத்திடமிருந்து ஈட்டியது” என்று திரெத்யாகோவ் எண்ணியதில், ஈட்டிய முறைபற்றிய ஓர் உறுத்தலும் இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். அது என் கருத்து. ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

ஊரார் நகைத்தபோது

திரெத்யாகோவ் தம் நாட்டு ஓவியத்தைத் திரட்டினார். அடுத்த தலைமுறையின் செர்கேய் ஷூக்கின், யாருமே விரும்பாத புதுமையைத் திரட்டினார். 1854இல் பிறந்த இவரும் துணி வணிகரே. பேசும்போது திக்குவார்; வணிகத்தில் மட்டும் திக்கியதில்லை. 1890களின் இறுதியில் மொனேயில் தொடங்கி, கொகேன், செசான் எனச் சென்று, மத்தீஸ், பிக்காசோவில் வந்து நின்றார். கொகேனின் பதினாறு ஓவியங்களைத் தம் உணவறைச் சுவரில் இடைவெளியின்றி நெருக்கமாக மாட்டியிருந்தார். தேவாலயத்தின் திருவுருவச் சுவரைப் போல் இருந்தது என்று பார்த்தவர் சொன்னார்கள். பழைய நம்பிக்கையாளரின் கண் எங்கும் போய்விடவில்லை.

அவர் வாழ்வில் ஐந்தாண்டுகள் இருள் சூழ்ந்தன. 1905இல் இளைய மகன் மறைந்தான். 1907இல் மனைவி நோயால் இறந்தார். 1908இல் பாரிசில் இருந்த தம்பி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1910இல் மற்றொரு மகனும் அவ்வாறே மாண்டான். மனைவி இறந்த 1907இலேயே தம் திரட்டு முழுவதையும் மாஸ்கோவின் திரெத்யாகோவ் கூடத்துக்கென உயில் எழுதினார். அதன்பின் ஞாயிறுதோறும் தம் மாளிகையின் கதவைத் திறந்து, வருவோர்க்குத் தாமே திக்கித் திக்கி விளக்கினார்.

இத்துயரங்களுக்கு நடுவேதான் மத்தீசிடம் தம் மாடிப்படிச் சுவருக்கென இரு பேரோவியங்களைக் கேட்டார்: ‘நடனம்’, ‘இசை’. சிவந்த உடல்கள், பச்சை நிலம், நீல வானம், வேறொன்றும் இல்லை. 1910இல் பாரிசின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டபோது ஊரே நகைத்தது. நேரில் கண்ட ஷூக்கினும் தளர்ந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். பிறகு, தம் தளர்ச்சிக்குத் தாமே நாணி, ஓவியங்களை அனுப்புமாறு மத்தீசுக்குத் தெரிவித்தார். அவ்விரண்டும் இன்று பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மித்தாஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஷூக்கினிடம் என்னை ஈர்ப்பது இத்தளர்ச்சியே. அவர் பிழையற்ற தீர்க்கதரிசி அல்லர். அவருக்கும் ஐயம் வந்தது, அச்சம் வந்தது, புரியாமையும் வந்தது. புரியாததை வீட்டில் வைத்து நாள்தோறும் பார்த்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கினார். பிக்காசோவின் ஏறத்தாழ ஐம்பது ஓவியங்கள் அவ்வாறு சேர்ந்தன. அவர் வீட்டுச் சுவர்களே மாஸ்கோ இளம் ஓவியர்களுக்குப் பள்ளியாயின. பாரிசுக்குப் போக வழியில்லாத மாணவர், பாரிசில் பலர் காணாததை ஞாயிற்றுக்கிழமை மாஸ்கோவில் கண்டார்கள்.

காத்திருந்த சுவர்

ஷூக்கினுக்கு நேர்மாறான இயல்புடையவர் இவான் மொரோசோவ். படிப்பகம் நிறுவிய வர்வாரா அம்மையாரின் மகன்; பண்ணையடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்றவரின் கொள்ளுப்பேரர் என்று நான் முன்னர்க் குறித்தவர் இவரே. இளமையில் ஓவியம் பயின்றவர். பிறகு துவேர் நகர ஆலையை நடத்தினார். அதிராமல், அவசரப்படாமல், ஓர் ஓவியரின் வளர்ச்சி முழுவதும் விளங்குமாறு தேர்ந்தெடுத்து வாங்கினார். செசானின் பதினெட்டு ஓவியங்கள் அவரிடம் இருந்தன. செசான் ஓவியங்களின் நடுவே சுவரில் ஓரிடம் வெறுமையாய் இருந்ததாம். செசானின் நீல நிறக் காலத்து ஓவியம் ஒன்றுக்காக அவ்விடத்தை ஒதுக்கி வைத்திருப்பதாக அவர் சொன்னார் என்று, அக்கூடத்தைக் கண்ட திறனாய்வாளர் மகோவ்ஸ்கி எழுதியுள்ளார். தக்க சொல் கிடைக்கும்வரை ஓர் அடியில் இடம் விட்டு வைத்திருக்கும் கவிஞருக்கு இந்த வெற்றுச் சுவர் நன்கு விளங்கும்.

வான்கோ தம் வாழ்நாளில் விற்ற மிகச் சில ஓவியங்களுள் இன்னதென்று நாம் உறுதியாக அறிவது ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’. 1890இல் அன்னா போக் என்னும் பெல்ஜியப் பெண் ஓவியர் 400 பிராங்குக்கு அதை வாங்கினார். அதே ஆண்டில் வான்கோ இறந்தார். 1909இல் அவ்வோவியம் மொரோசோவிடம் வந்தது. இன்று மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

உடைமை போனபின்

1917இன் புரட்சி வந்தது. 1918 இறுதியில் ஷூக்கின், மொரோசோவ் திரட்டுகள் ஆணைகளால் அரசுடைமையாயின. ஷூக்கின் நாட்டை விட்டு வெளியேறிப் பாரிசில் 1936 வரை வாழ்ந்தார். இழந்ததை மீட்க வழக்காடவில்லை. மொரோசோவ் சிறிது காலம் தம் சொந்த மாளிகையில் தம் சொந்த ஓவியங்களுக்குத் துணைக் காப்பாளராக அமர்த்தப்பட்டு, ஒதுக்கப்பட்ட சில அறைகளில் வசித்தார். பிறகு அவரும் வெளியேறினார். 1921இல் கார்ல்ஸ்பாத் நகரில் இறந்தார். ஷூக்கின் தாமே கொடுக்க எழுதிவைத்ததைத்தான் அரசு எடுத்துக்கொண்டது என்பது வரலாற்றின் விந்தை.

ஓவியங்களின் துன்பம் அதோடு முடியவில்லை. இரு திரட்டுகளும் 1923இல் ஒரே அருங்காட்சியகமாயின. 1933இல், அயல்நாட்டுச் செலாவணிக்காக, மொரோசோவ் திரட்டிலிருந்து வான்கோவின் ‘இரவு உணவகம்’ அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டது; அது இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1948இல், மக்களுக்கு ஒவ்வாத கலை என்று பழித்து, அருங்காட்சியகமே கலைக்கப்பட்டது. ஓவியங்கள் மாஸ்கோவுக்கும் லெனின்கிராதுக்குமாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் கிடங்குகளில் கிடந்தன. திரட்டியவர் பெயரும் வழக்கொழிந்தது. பின்னர் மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு வந்தன. 2016இல் ஷூக்கின் திரட்டும் 2021இல் மொரோசோவ் திரட்டும் பாரிசில் மீண்டும் ஒன்றுகூட்டிக் காட்டப்பட்டபோது, ஒவ்வொன்றையும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். நகைத்த நகரமே வரிசையில் நின்று பார்த்தது.

ஆலைகள் போயின, வங்கிக் கணக்குகள் போயின, மாளிகைகள் கைமாறின. ஓவியங்கள் நின்றன. அவற்றைத் தேர்ந்த கண்ணும் அவற்றோடு நின்றது.

நிறைவாக

மூன்று வினாக்களோடு தொடங்கினேன். ஏன் ஈட்டினார்கள்? உலகம் கைவிட்டதைக் காக்கும் பழக்கமும், தாழ்வாக எண்ணப்பட்டவர் தம் மதிப்பைத் தாமே நிறுவ விரும்பிய வேட்கையும் காரணம். ஏன் கொடுத்தார்கள்? தமதென்று வைத்துக்கொள்ளத்தக்கது அன்று அது என்று, பார்க்கப் பார்க்க, ஓவியமே அவர்களுக்குக் கற்பித்தது. கணக்குத் தீர்ந்ததா? தீரவில்லை என்பதே என் விடை. நிக்கோல்ஸ்கோயே ஆலையின் அபராதத்தை எந்த ஓவியக்கூடமும் ஈடுசெய்யாது. ஆயினும் கதவு திறந்திருக்கும் கூடத்துக்குள் அந்தத் தறியாளியின் பேத்தியும் போகலாம். அவ்வளவு வரையில் கடனில் ஒரு பங்கு திரும்பியது.

கவிஞர் பெருமக்களே, நம்மிடம் ஆலைகள் இல்லை. நம் பத்தாண்டுக் கணக்கேட்டைப் பொருளாளர் சற்றுமுன் படித்தார். அதில் இருப்பதைவிட வரவேண்டியதே மிகுதி. ஆனால் ஷூக்கினின் ஞாயிற்றுக்கிழமைக் கதவு நம்மிடமும் உண்டு. எவரும் அறியாத ஓர் இளைஞர், எவருக்கும் புரியாத ஒரு கவிதையோடு நம் கூட்டத்துக்கு வரும்போது, நாமும் முதலில் தளர்வோம். “வேண்டாம்” என்றும் சொல்லிவிடுவோம். வீடு திரும்பும் வழியில் அத்தளர்ச்சிக்கு நாணி, அக்கவிதையை மீண்டும் கேட்க நமக்கு மனம் இருக்குமானால், இவ்வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் வாழும்.

நம் சுவரிலும் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு வைப்போம்.